அலாஸ்கா கப்பல் பயணம்: டிப்ஸுக்கு மேலே ஒரு டிப்ஸ்

முதல் நாள் – சியாட்டில்

மதியமே கப்பலில் ஏறிவிட்டோம். நான், இவர் (என் கணவர்), அத்தை. மாலை நாலு மணி வாக்கில் கப்பல் கரையை விட்டு நகர்ந்தது. பனிமலையும் பனியாறும் இனிமேல்தான் வரப்போகின்றன. அதுவரைக்கும் கப்பலுக்குள்ளே நடப்பதை எழுதுகிறேன். பயணம் முடிவானதிலிருந்து தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, "டிக்கெட் சரி, டிப்ஸுக்கு எவ்வளவு எடுத்து வைக்கணும்?" என்பதுதான். அதனால் இந்த வாரம் முழுக்க ஊர்களோடு அந்த விஷயமும் கூடவே வரும்.

முதலில் அடிப்படை. பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவற்றில் டிப்ஸ் என்பது நாமாகக் கொடுப்பது இல்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நம் கணக்கில் தானாகவே ஏறிவிடும். சாதாரண அறைக்கு இப்போது 16 முதல் 20 டாலர் வரை இருக்கிறது, சூட் அறை என்றால் இன்னும் இரண்டு மூன்று டாலர் கூட. 17 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் மூன்று பேருக்கு ஏழு இரவுக்கு 357 டாலர். சின்னத் தொகை இல்லை. டிக்கெட் போடும்போதே இதைச் சேர்த்துக் கணக்குப் போட்டுவிடுவது நல்லது. முன்கூட்டியே கட்டிவிடலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம். எல்லா நிறுவனமும் இப்படி இல்லை. சில்வர்சீ, ரீஜென்ட் போன்ற சொகுசுக் கப்பல்களில் டிக்கெட் விலையிலேயே அது அடக்கம். பிரிட்டனின் பி அண்ட் ஓ 2019-இல் தினசரிக் கட்டணத்தையே எடுத்துவிட்டது.

கிளம்புவதற்கு முன்னால் பாதுகாப்புப் பயிற்சி. 2012-இல் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்தபோது, அன்றைக்குத்தான் ஏறியிருந்த பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்கப்புறம் விதியை இறுக்கிவிட்டார்கள். எங்கள் கூடும் இடத்தில் உயிர்காப்புச் சட்டையை மாட்டிக் காட்டியவர், அரை மணி நேரம் முன்னால் எங்கள் பெட்டியை அறைக்குள் வைத்துவிட்டுப் போன அதே அறைப் பணியாளர். சாப்பாட்டுக் கூடத்து வெயிட்டர்கள் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆபத்து வந்தால் நம்மைப் படகில் ஏற்றப்போவது இவர்கள்தான். துண்டு மடிப்பது அவர்கள் வேலையில் ஒரு பாதிதான்.

இரண்டாம் நாள் – கடலில்

இன்று முழுக்கத் தண்ணீர். கொஞ்சம் ஆட்டம். அத்தைக்குத் தலைசுற்றல், அறையிலேயே படுத்துவிட்டார்.

அறைப் பணியாளர் இந்தோனேசியாக்காரர், முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். காலையில் வந்தவர் அத்தை படுத்திருப்பதைப் பார்த்ததும் திரும்பிப் போனார். பத்து நிமிடத்தில் இன்னொரு தலையணை, உப்பு பிஸ்கட், ஒரு பச்சை ஆப்பிள் எல்லாம் வந்தது. போகிறபோது, கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் வழியை மறைத்த நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார். அத்தைக்கு முட்டிவலி என்று நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை. நேற்று அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததைக் கவனித்திருக்கிறார்.

பேச்சுக் கொடுத்தேன். அவர் பொறுப்பில் பதினெட்டு அறைகள். ஒன்பது மாத ஒப்பந்தம், அதில் வார விடுமுறை என்று ஒரு நாள்கூடக் கிடையாது. வார விடுமுறை இல்லாதது கப்பல் ஊழியர்கள் பலருக்கும் பொதுவான நடைமுறைதான். 2006-இல் ஏற்பட்டு 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு வேண்டும், வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்கிறது. மிச்சத்தைக் கழித்துப் பாருங்கள். அதையும் ஒரே மூச்சாகத் தருவதில்லை, காலையில் கொஞ்சம், மதியம் கொஞ்சம், இரவில் கொஞ்சம் என்று துண்டு துண்டாக வேலை. கொரோனாவுக்குப் பிறகு சில நிறுவனங்கள் அறையை நாளுக்கு இரண்டு தடவை சுத்தம் செய்வதை ஒரு தடவையாகக் குறைத்துவிட்டன. பயணிக்கு அது வசதிக் குறைவு. பணியாளருக்கோ, அதே கையோடு இன்னும் கூடுதல் அறைகள்.

மத்தியானம் அவர் கையில் 20 டாலர் கொடுத்தேன். எல்லாரும் கடைசி நாள் கவரில் போட்டுத்தான் கொடுப்பார்கள். முதலிலேயே கொடுத்தால் கவனிப்பதற்காகக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று இவர் தயங்கினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் ஏற்கெனவே கவனித்துவிட்டார், நான் கொடுத்தது அதற்குத்தான். இன்றைக்குச் செய்ததற்கு இன்றைக்கே கொடுத்தால் எதற்கென்று அவருக்கும் தெரியும். கடைசி நாள் அவசரத்தில், கதவிடுக்கில் செருகிய கவரில் அது தெரியாது.

அத்தை சாயங்காலம் எழுந்து உட்கார்ந்தார். "கணக்குல எடுத்துக்கிறாங்கன்னா அது கம்பெனிக்குக் குடுத்த மாதிரிம்மா. கையில குடுத்தாத்தான் அந்தப் பிள்ளைக்குக் குடுத்த மாதிரி" என்றார். பாதி சரி. மீதிப் பாதியை நாளைக்கு எழுதுகிறேன், சாப்பாட்டு மேஜையில் அதைப் பற்றித்தான் வாக்குவாதம்.

மூன்றாம் நாள் – ஜூனோ

அலாஸ்காவின் தலைநகரம் இது. கனடாப் பக்கத்திலிருந்தோ அலாஸ்காவின் மற்ற பெரிய ஊர்களிலிருந்தோ சாலை வழியாக வரவே முடியாது, கப்பலோ விமானமோதான். மெண்டன்ஹால் பனியாற்றைப் பார்த்துவிட்டு வந்தோம். ஏரிக்கு அந்தப் பக்கம் நீல நிறத்தில் பனி, பக்கத்திலேயே அருவி. பேருந்து ஓட்டுநரே வழிகாட்டி. இறங்கும்போது பெரும்பாலானவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று டாலர் அவர் கையில் வைத்தார்கள். கப்பலில் நாம் கட்டும் தினசரிக் கட்டணத்தில் இவர்களுக்குப் பங்கு கிடையாது, அதனால் கரையில் இறங்கும்போது சில்லறை நோட்டுகள் கையில் இருக்க வேண்டும்.

திரும்பி வந்தால் கப்பலில் அபாயச் சங்கு. ஊழியர்களுக்குப் பயிற்சி. பயணிகள் கப்பலில் வாராவாரம் நடக்க வேண்டிய ஒன்று. நாம் கரையில் சுற்றுகிற நேரத்தில் அவர்கள் படகை இறக்கிப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். துறைமுகத்தில் நின்றால் அவர்களுக்கு ஓய்வு என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

இனி வாக்குவாதம். எங்கள் மேஜையில் ஒரு வயதான தம்பதி. நிறையக் கப்பல் ஏறியவர்கள். அந்த மனிதர் சொன்னார்: "முதல் நாளே வரவேற்பு மேஜைக்குப் போய் அந்தக் கட்டணத்தை எடுக்கச் சொல்லிவிடுவேன். எனக்கு யார் பிடிக்கிறதோ அவருக்கு நானே ரொக்கமாகக் கொடுப்பேன். சம்பளம் கொடுக்க வேண்டியது முதலாளி. அந்தச் சுமையை ஏன் என் தலையில் கட்டுகிறார்கள்?"

அவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. சம்பளத்தை டிக்கெட்டிலேயே சேர்த்து நேர்மையாக விலை போட்டுவிட்டால் இந்தப் பேச்சே இருக்காது. ஆனால் அவர் எடுக்கச் சொன்ன பணம் முதலாளி பையிலிருந்து போகவில்லை. அந்தக் கட்டணம் அறைப் பணியாளருக்கும் வெயிட்டருக்கும் மட்டும் போவது இல்லை, நாம் முகமே பார்க்காத பலருக்கும் அதில் பங்கு இருக்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் பங்கு வேறுபடும், ஆனால் சலவை அறை, சமையலறை, பாத்திரம் கழுவுமிடம் வரைக்கும் போகிற இடங்கள் உண்டு. பிடித்தவருக்கு நேரில் கொடுக்கிறேன் என்றால் பாத்திரம் கழுவுகிறவரை எப்படிப் பிடிக்கும்? அவரை யார் பார்த்தார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. தினசரிக் கட்டணத்தை நீக்கிய பயணி கொடுக்கும் ரொக்கத்தை ஊழியர் தான் வைத்துக்கொள்ளக் கூடாது, பொதுக் கணக்கில் ஒப்படைக்க வேண்டும் என்று சில நிறுவனங்களில் விதி இருக்கிறது. கட்டணத்தை விட்டுவைத்தவர் மேற்கொண்டு கொடுத்தால் அது முழுக்க அந்த ஊழியருக்கே. அதாவது அத்தை சொன்ன "கையில குடுத்தாத்தான்" பலிக்க வேண்டுமானால், கணக்கில் ஏறுவதையும் தொடாமல் விட வேண்டும்.

இதை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஒத்துக்கொள்ளவில்லை. பேசும்போது எங்கள் வெயிட்டர் பின்னால் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் எதுவும் காட்டவில்லை. அவர் முன்னிலையில் இந்தப் பேச்சு வேண்டாம் என்று அங்கேயே நிறுத்திவிட்டேன்.

நான்காம் நாள் – ஸ்காக்வே

1897-98 தங்க வேட்டையில் ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலையேறிய ஊர். அந்த மலை வழியாக 1900-க்குள் போட்டு முடித்த ரயில்தான் இப்போது சுற்றுலா ரயில். நாங்களும் போனோம். பாலங்கள் மேல் போகும்போது இவர் கண்ணை மூடிக்கொண்டார், அத்தை திறந்த கண்ணை மூடவே இல்லை.

இரவு பத்தரைக்கு அத்தை பால் வேண்டும் என்றார், அறைக்கே வரவழைத்தோம். கொண்டுவந்தவருக்கு மூன்று டாலர். அறைக்கு வரும் சாப்பாட்டைத் தூக்கி வருபவர் இன்னொரு பிரிவு, அவரை மறுபடி பார்ப்போமா என்பது தெரியாது. அங்கேயே அப்போதே கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஐந்தாம் நாள் – கிளேசியர் பே

இன்றைக்கு எங்கும் இறங்கவில்லை. கப்பலே வளைகுடாவுக்குள் போனது. 1794-இல் ஐரோப்பிய மாலுமிகள் இந்தப் பக்கம் வந்தபோது இந்த வளைகுடாவே கிட்டத்தட்ட இல்லை, வாய் வரைக்கும் பனி அடைத்திருந்தது. அந்தப் பனி பின்வாங்கிப் பின்வாங்கி, இப்போது நூறு கிலோமீட்டர் உள்ளே போனால்தான் மார்ஜரி பனியாற்றின் சுவர். கப்பல் இன்ஜினைத் தணித்துக்கொண்டு அதன் எதிரே நின்றது. இடி விழுகிற மாதிரி ஒரு சத்தம், அதற்கப்புறம்தான் பனிப்பாளம் விழுவது கண்ணுக்குத் தெரிகிறது.

காலையிலேயே தேசியப் பூங்காவின் ரேஞ்சர்கள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறினார்கள். நாள் முழுக்க ஒலிபெருக்கியில் விளக்கம் சொன்னார்கள், கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அவர்களுக்குப் பணம் நீட்டக் கூடாது. அமெரிக்க அரசு ஊழியர்கள், வாங்கவும் அனுமதி கிடையாது. ஒருவர் நீட்டினார், ரேஞ்சர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

எனக்கு மறக்காத காட்சி வேறு. மேல் டெக்கில் நூற்றுக்கணக்கானவர்கள் கம்பியில் சாய்ந்து பனிச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லோரும் ஒரே திசையில் பார்க்கும் அந்தக் கூட்டத்தில், எங்களைப் பார்த்து நின்றவர்கள் வெயிட்டர்கள் மட்டும்தான். சூடான கோகோ நிரம்பிய தட்டு, மெல்லிய கையுறை, முதுகுக்குப் பின்னால் பனியாறு. அந்தப் பெரிய சத்தம் வந்தபோதுகூட ஒரு பெண் பணியாளர் திரும்பவில்லை. தட்டில் பன்னிரண்டு கோப்பை இருந்தது, திரும்பினால் கொட்டிவிடும். இவர் அவர் கையிலிருந்து தட்டை வாங்கி, "ஒரு நிமிடம் பாருங்கள்" என்றார். அந்தப் பெண் மேற்பார்வையாளர் எங்கே என்று பார்த்துவிட்டு, திரும்பிப் பார்த்தார். ஏழாவது மாதமாம் இந்தக் கப்பலில். பனி விழுவதை இன்றைக்குத்தான் நின்று பார்க்கிறாராம்.

அவர் தட்டில் ஐந்து டாலர் வைத்தோம். கோகோ இலவசம், அதனால் அதற்கு ரசீது இல்லை, ரசீது இல்லாத இடத்தில் தானாகச் சேரும் டிப்ஸும் இல்லை. பாரில் வாங்கும் பானத்துக்கு 18 முதல் 20 சதவீதம் தானாகச் சேர்த்துவிடுவார்கள். ரசீதில் அதற்குக் கீழே "கூடுதல் டிப்ஸ்" என்று ஒரு வெற்று வரி வேறு இருக்கும். அதை நிரப்பியே ஆக வேண்டும் என்று நினைத்துப் பலரும் இரட்டையாகக் கொடுத்துவிடுகிறார்கள். விரும்பினால் எழுதலாம், கோடு போட்டுவிட்டாலும் தப்பில்லை.

ஆறாம் நாள் – கெட்சிகன்

மழை. இங்கே மழை என்பது செய்தியே இல்லை, ஊர்க்காரர்கள் குடைகூடப் பிடிப்பதில்லை. ஓடைக்கு மேல் மரக்கால்களில் நிற்கும் கிரீக் தெருவில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு, அத்தைக்கு வழுக்கும் என்று சீக்கிரமே திரும்பிவிட்டோம்.

மதியம் உட்கார்ந்து கவர்களைத் தயார் செய்தோம். யாருக்கு எவ்வளவு என்று கேட்டவர்களுக்காக எங்கள் கணக்கைச் சொல்கிறேன். இது விதி இல்லை, எங்களால் முடிந்தது. தினசரிக் கட்டணம் முழுக்க ஏற்கெனவே கட்டியாயிற்று, இது அதற்கு மேலே. அறைப் பணியாளருக்கு இன்னொரு 40. இரவுச் சாப்பாட்டு வெயிட்டருக்கு 30, அவருடைய உதவியாளருக்கு 20. உதவியாளரை எல்லோரும் மறந்துவிடுவார்கள். ரொட்டி, தண்ணீர், காலித் தட்டு எல்லாம் அவர்தான். காலையில் பஃபேயில் அத்தையின் தட்டைத் தூக்கிக்கொண்டு மேஜை வரை வந்து வைத்த பையனுக்குப் பத்து. பஃபேயில் வேலை செய்பவர்கள் நாளுக்கொரு இடத்தில் நிற்பார்கள், அவரைத் தேடிப் பிடிக்கத்தான் நேரம் ஆயிற்று.

கேப்டனுக்கோ அதிகாரிகளுக்கோ கொடுப்பது வழக்கம் இல்லை, சங்கடப்படுத்துவதாக ஆகிவிடும். சாப்பாட்டுக் கூடத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு கடைசி நாள் மட்டும் மேஜை மேஜையாக வந்து கைகுலுக்கும் மேலாளருக்கு நான் எதுவும் எடுத்து வைக்கவில்லை. அவர் எங்களுக்கு எதுவும் செய்யவில்லை, சம்பளமும் மற்றவர்களைவிட மேல்.

நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 5, 10, 20 டாலர் நோட்டுகளாகக் கரையிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கப்பலில் உள்ள ஏடிஎம் கட்டணம் அதிகம். கடைசி நாள் வரவேற்பு மேஜையில் சில்லறை கேட்டு நின்றால் வரிசையும் நீளம், நோட்டும் தீர்ந்திருக்கும்.

கவருக்குள் பணத்தோடு ஒரு சின்னக் கடிதமும் வைத்தேன். அத்தை சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். "நாற்காலியை நகர்த்தி வைச்சியே, அதை எழுதும்மா" என்று அதையே மூன்று தடவை சொன்னார்.

ஏழாம் நாள் – விக்டோரியா

இரவு எட்டு மணிக்கு ஒரு ஊருக்குப் போய், நள்ளிரவுக்குள் கிளம்புவது ஏன் என்று பலருக்கும் குழப்பம். காரணம் 1886-ஆம் வருஷத்துச் சட்டம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களிலேயே சுற்றிக் காட்டிவிட்டு இறக்கக் கூடாது. அதனால் சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போய்த் திரும்பும் கப்பல் கனடாவில் ஒரு தடவை நின்றாக வேண்டும். 2021-இல் கனடா துறைமுகங்களை மூடியிருந்தபோது, இதற்கென்றே தற்காலிகமாகத் தனிச் சட்டம் போட்டு விலக்கு கொடுத்தார்கள்.

டிப்ஸுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், அதே கொடிதான். சியாட்டிலில் ஏறி இறங்குகிறோம், டாலரில் கட்டுகிறோம், ஆனால் இதுபோன்ற கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா என்று எங்கோ பதிவானவை. அமெரிக்கக் கொடி இல்லாத கப்பலில் வேலை பார்க்கும் கடல் தொழிலாளிக்கு அமெரிக்காவின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மணிக்கு இவ்வளவு என்று கரையில் ஒரு வெயிட்டர் கேட்கக்கூடியதை, பத்தடி தள்ளிக் கப்பலில் நிற்கும் வெயிட்டர் கேட்க முடியாது. சட்டம் விட்டுவைத்த அந்த இடைவெளியை நிரப்புவது நம் கணக்கில் ஏறும் தினசரிக் கட்டணம். அதை நீக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவர் நிறுவனத்தைத் தண்டிக்கவில்லை. ஒன்பது மாதம் வீட்டைப் பிரிந்து இருப்பவரின் சம்பளத்திலிருந்து எடுக்கிறார். இந்த முறை எனக்கும் பிடிக்கவில்லை. அதை மாற்றச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதலாம், டிக்கெட் விலையிலேயே சேர்க்கும் கப்பலாகப் பார்த்து ஏறலாம். பணியாளரின் பங்கில் கை வைத்து அதைச் செய்ய முடியாது.

ராத்திரி பத்து மணிக்கு வரவேற்பு மேஜையில் வரிசை. பாதிப் பேர் கட்டணத்தை நீக்கத்தான் நின்றார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் ஒவ்வொருவரிடமும் "சேவையில் ஏதாவது குறையா?" என்று கேட்டார். குறை என்று யாரும் சொன்னது என் காதில் விழவில்லை. எங்கள் மேஜைக்காரரும் நின்றார். சொன்னபடி நீக்கினார், சொன்னபடி வெயிட்டருக்கு ஒரு கவரும் கொடுத்தார். நல்ல மனிதர்தான். அறைப் பணியாளருக்குக் கொடுத்தாரா என்பது எனக்குத் தெரியாது, சலவை அறைக்குக் கொடுக்கவில்லை என்பது தெரியும்.

அறைப் பணியாளரிடம் கவரை அத்தையே கொடுத்தார். அவர் கவரைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அத்தை காலைத் தொட்டுக் காட்டி முட்டி எப்படி இருக்கிறது என்று சைகையில் கேட்டார். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமலேயே இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி நாள் – மறுபடி சியாட்டில்

ஒன்பதரைக்குள் எல்லோரும் இறங்க வேண்டும். பதினொரு மணிக்கெல்லாம் அடுத்த கூட்டம் ஏற ஆரம்பித்துவிடும். நடுவில் இருக்கும் நேரத்தில் ஆயிரத்துச் சொச்சம் அறைகளைப் புதிதாக்க வேண்டும். நாங்கள் கதவைச் சாத்தும் முன்பே பக்கத்து அறையில் விரிப்புகளை உருவிக்கொண்டிருந்தார்கள். அதனால் எழுந்ததும் குப்பையை ஒரு பையில் கட்டி, துண்டுகளை ஒரே இடத்தில் குவித்துவிட்டு வந்தோம்.

துறைமுகக் கூடத்தில் பெட்டி தூக்குபவர்கள் கப்பல் ஆட்கள் இல்லை, துறைமுகத் தொழிலாளர்கள். பெட்டிக்கு இரண்டு டாலர் கொடுத்தோம்.

வண்டியில் உட்காரும்போதே நிறுவனத்திடமிருந்து கருத்துக் கேட்டு மின்னஞ்சல் வந்துவிட்டது. பணத்துக்கு அடுத்து ஊழியர்கள் எதிர்பார்ப்பது இதைத்தான். இதில் பெயர் வந்தால் பதவி உயர்வு, அடுத்த ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். மதிப்பெண் மட்டும் போட்டு அனுப்பினால் யாருக்கும் பயனில்லை. நான் வெயிட்டர், உதவியாளர், பஃபே பையன், கோகோ கொண்டுவந்த பெண் எல்லோர் பெயரையும் பெயர்ப் பட்டையைப் பார்த்து அன்றன்றைக்கே குறித்து வைத்திருந்தேன். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால் பெயரோடு வேலை பார்க்கும் இடம், டெக் எண், மேஜை எண் எல்லாம் சேர்த்து எழுதினேன். அறைப் பணியாளருக்கு மட்டும் அறை எண்ணும் நாற்காலி விஷயமும்.